பாசி சுற்றிய சோறு

மலேசியாவின் பேராக் மாநில வரலாறு குறித்துக்கொள்ளட்டும்: ஈப்போவில் கூடியிருக்கும் முன்னாள் ரப்பர் தோட்டத்து மக்களின் ஐந்தாவது மாநாட்டில் மதிய உணவு ஜப்பானியப் பாணியில் பரிமாறப்படுகிறது. தலைவர் அருளம்பலம் இதை ஒலிபெருக்கியில் மூன்று முறை அறிவித்துவிட்டார். அதே ஊரின் சிலிபின் பகுதியில் வீட்டுச் சமையலறையிலேயே ஜப்பானியச் சாப்பாடு செய்து விற்கும் துளசிக்கு இது முதல் பெரிய ஆர்டர். இது பிடித்துப்போனால்தான் கல்யாண வீடுகள் கூப்பிடும். சுவரோரம் நின்று பார்க்கிறாள். கருப்புக் கடற்பாசி சுற்றிய முக்கோணச் சோற்றுருண்டையைத் திறந்து பார்த்தவர்கள் டப்பாவை மூடிவிடுகிறார்கள். மின்விசிறிக் காற்றில் பிளாஸ்டிக் மூடிகள் மட்டும் படபடக்கின்றன. "உள்ள பச்சை மீனு இருக்கும் மச்சான், பாத்துலா," என்கிறார் ஒருவர். தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய ராமையா துணிந்து கடிக்கிறார். மெல்லுகிற வாய் நிற்கிறது. "டேய், சாடின் மீனு மொளகா சம்பல்லா! சம்பளத்தன்னைக்கு லயத்து வீட்டுல ஒரு டின்ன உடைச்சு ஏழு பேரு தின்னோமே, அதே ருசி!" டப்பாக்கள் மறுபடி திறக்கின்றன. பக்கத்து மேசைக் கலாதேவி அக்கா விரலை நக்கியபடி கண்ணை மூடுகிறாள். ரப்பர் பால் வாடையும் சம்பல் வாடையும் கலந்த ஒரு சாயங்காலம் அவள் முகத்தில் வந்து உட்கார்கிறது. துளசி சுவரை விட்டு ஓரடி முன்னே வருகிறாள். தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து அடுத்த ஆண்டுக்கும் ஆர்டர் தருகிறார்: வெறும் சோறு, சாடின் சம்பல், ஜப்பான் வேண்டாம்.