தயிர்சாதப் பூனை

கண் திறப்பதற்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்து, தயிர்சாதத்திலேயே வளர்ந்த பூனை அது. அது மிச்சம் வைக்கும் சோற்றைத் தின்ன வந்த ஒரு சுண்டெலி, மெல்ல மெல்லச் சிநேகிதமாகிவிட்டது.

"ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ," என்றது பூனை. "என் முன்னால ஓடிடாதே. நேத்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு ஓடிச்சு. நான் யோசிக்கறதுக்குள்ள என் கால் பாய்ஞ்சிடுச்சு. யாரும் கத்துக்கொடுக்கல."

"தயிர்சாதம் தின்கிற நீயா?" என்று சுண்டெலி சிரித்தது.

அப்போது குக்கர் 'உஸ்'ஸென்று விசில் அடித்தது. சுண்டெலியின் நான்கு கால்களும் ஓடத் துடித்தன. அதற்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், பூனையின் கண் இரண்டும் கறுத்து விரிந்திருந்தன.

சுண்டெலி ஓடவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக நடந்தே பொந்துக்குப் போய்ச் சேர்ந்தது.

உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. பூனை கண்களை இறுக மூடி, கோணிப்பையில் நகங்களைப் பதித்து உட்கார்ந்திருந்தது.

"போயிட்டியா?"

"வந்து சேர்ந்துட்டேன்."

பூனை மூச்சு விட்டது. "நாளைக்கும் வா," என்றது. "நடந்து வா."