ஒரு விரலுக்கு ஒரு பிரேக்
வீட்டுக்குப் பின்னால் வட்டமாகப் போட்ட தண்டவாளத்தில் முழங்கால் உயர நீராவி இன்ஜின் ஒன்று சீறிக்கொண்டு நிற்கிறது. அதைக் கட்டியவன் பின்னாலுள்ள சின்ன வண்டியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் தசைகள் ஒவ்வொன்றாய்ச் சோர்ந்துவருகின்றன. இதற்கு மருந்தில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைபிரேக்கைத் திருக விரல்களில் பலமில்லாமல் போனதால், அவனுடைய அக்கா கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை சிலிண்டரைக் கடைந்து, நீராவியே சக்கரங்களை அழுத்திப் பிடிக்கும்படி பிரேக் செய்து மாட்டியிருக்கிறாள். இப்போது அதை இரண்டு முறை போட்டு எடுத்து, சூடேற்றி, உள்ளே தேங்கிய தண்ணீரை வெளியேற்றுகிறாள்.

"நிக்கலேன்னா சுத்திக்கிட்டே இருப்பேன். சாப்பாட்டை ஓடுற வண்டியில ஏத்திடு" என்கிறான் தம்பி.

"வாயை மூடிட்டு ஓட்டுடா."

அவளே நீராவியைத் திறந்துவிடுகிறாள். காலை வெயில் கொதிகலன் மேல் வழுக்க, இன்ஜின் ஒரு சுற்று வருகிறது. அவன் மணிக்கட்டால் நெம்புகோலைத் தள்ளி நீராவியை அடைக்கிறான். பிரேக் கைப்பிடியில் ஒரு விரலை வைத்துக் கையின் பாரத்தை இறக்குகிறான். உஸ்ஸென்ற சத்தத்தோடு இன்ஜின் அவள் காலடியில் நின்றுவிடுகிறது.

"அடி சக்கை! நின்னுடுச்சுக்கா!"

"இன்னொரு சுத்துப் போ" என்கிறாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் அசையவில்லை. கைப்பிடியையே பார்க்கிறான்.

"மேல தூக்க வரலக்கா."

அவள் மண்டியிட்டு, அவன் விரலையும் கைப்பிடியையும் சேர்த்து மெல்லத் தூக்குகிறாள். அடுத்த சுற்றில், அவன் கையை விடாமல், குனிந்தபடியே கூட நடக்கிறாள்.