டச்பேடின் மேல் படுத்த உள்ளங்கை

மடிக்கணினியின் டச்பேடுக்கு முதலில் வினை வைத்தது வலது உள்ளங்கைதான். விரல்கள் எழுத்துகளைத் தட்டும்போதெல்லாம் அது ஒரு வேலையும் இல்லாமல் டச்பேடின் மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். யார் பட்டாலும் சொல்வதுதானே டச்பேடின் பிழைப்பு? அது கணினியிடம் சொன்னது. எழுதும் இடம் துள்ளி மேலே ஓடியது. தட்டச்சாகிக்கொண்டிருந்த கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் இடத்தில் சமையல்காரர் பெயர் போய் உட்கார்ந்தது.

“பாத்தீங்களா, சரியான தொட்டாச்சிணுங்கி!” என்று உள்ளங்கை ஊரைக் கூட்டியது.

“பழைய சிஸ்டத்துல ஒழுங்காத்தானே இருந்தே? லினக்ஸ்னு புது சிஸ்டம் போட்டதும் திமிரா?” என்றது பக்கத்தில் கிடந்த மவுஸ்.

“வாயை மூடுடா, வால் முளைச்ச பயலே! பழையது இவன் படுத்ததைக் கண்டும் காணாம விட்டுச்சு. இது நான் சொன்னதை அப்படியே கேட்குது. படுத்தவனை விட்டுட்டு என்னைக் கேக்க வந்துட்டே!” என்று சீறியது டச்பேட்.

கணினிக்கும் கைக்கும் சொந்தக்காரரான மங்களசாமி டச்பேடின் உணர்திறனைக் குறைத்துப் பார்த்தார். துள்ளல் நிற்கவில்லை. அதை ஒரேயடியாக அணைத்துவிடப் போனார். பயத்தில் டச்பேடுக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளை, ‘தட்டச்சின்போது மட்டும் டச்பேடை நிறுத்து’ என்ற வசதி கண்ணில் பட்டது. அதைப் போட்டார். பத்திரிகை பிசகில்லாமல் முடிந்தது.

“அப்பாடா, டச்பேட் திருந்திடுச்சு!” என்றார் மங்களசாமி.

“திருந்த வேண்டியது நானா? டேய், எந்திரிச்சு மன்னிப்புக் கேளுடா!” என்று டச்பேட் கத்தியது.

விரல்கள் அதற்குள் அடுத்த பத்திரிகையைத் தட்டத் தொடங்கிவிட்டதால் அது யார் காதிலும் ஏறவில்லை. உள்ளங்கை மன்னிப்பும் கேட்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.