ஃப்ரிட்ஜ் கைமாறிய நாள்

“இனிமே இந்த ஃப்ரிட்ஜ் உன் பொறுப்பு” என்று மருமகளிடம் அம்மா சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவன் உள்ளே நுழைந்தான். வெளியூர் வேலை முடிந்து திரும்பியவனின் காலில் முதலில் இடித்தது, கதவோரம் நின்ற அம்மாவின் பெட்டி.

அப்பா இறந்தபிறகு இவர்களோடு இருக்க வந்த அன்று அம்மா தூக்கிவந்த பச்சைப் பெட்டி. அதற்கப்புறம் அது அலமாரி உச்சியிலிருந்து இறங்கியதே இல்லை.

ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பதுதான் அவன் தொழில். ஊரார் வீட்டு ஃப்ரிட்ஜை எல்லாம் சரிசெய்கிறவனால் தன் வீட்டு ஃப்ரிட்ஜ் சண்டையை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. மனைவி காய்கறிகளைப் பையோடு அப்படியே உள்ளே தள்ளுவாள். அம்மா எல்லாவற்றையும் வெளியே இழுத்து, தரம் பிரித்து, கீரையைத் துணியில் சுற்றி மறுபடி வைப்பாள்.

“இது என்ன காய்கறியா, கைக்குழந்தையா அத்தை?” என்பாள் மனைவி.

கட்டடம் முழுக்க அம்மாவின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. மூன்றாம் மாடி தையல்கார அம்மாள் எலுமிச்சம்பழத்தோடு யோசனை கேட்டு வருவார். ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர் வாடிப்போன கீரைக்கட்டோடு வந்து நிற்பார். காவலாளிகூட வாழைப்பழம் கறுத்துப்போவதைப் பற்றிப் புலம்பிவிட்டுப் போவார். வீட்டில்தான் எடுபடவில்லை.

அவன் ஊருக்குக் கிளம்பிய காலையில் சண்டை முற்றிவிட்டது. கொழகொழவென்று அழுகிய வெள்ளரிக்காயை அம்மா எடுத்துக் காட்ட, “என் வீட்டு ஃப்ரிட்ஜை நான் எப்படி வேணா வெச்சுப்பேன்!” என்று மனைவி கத்திவிட்டாள். அம்மா வெள்ளரிக்காயைக் குப்பையில் போட்டாள்.

இப்போது பெட்டி.

“என்னம்மா இது?”

“வந்துட்டியா? இரு, இவகிட்ட சொல்லி முடிச்சுடறேன்.” அம்மா திரும்பவில்லை. “பாரும்மா, உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில போடாதே. ரெண்டும் ஒண்ணையொண்ணு கெடுத்துக்கும். தக்காளி பழுக்கிற வரைக்கும் வெளியவே இருக்கட்டும். வாழைப்பழத்தைத் தனியா வை, அது பக்கத்துல இருக்கிற பழத்தையெல்லாம் அவசரப்படுத்திடும். எதையும் ஈரத்தோட உள்ளே வைக்காதே.”

“சரி அத்தை. பச்சை மிளகாய்?”

“காம்பைக் கிள்ளிட்டு டப்பாவுல போடு.”

மனைவியின் கண்கள் கலங்கியிருந்தன. செய்வதையும் செய்துவிட்டு அழுகை வேறா என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“திருப்திதானே உனக்கு? ஒரு வெள்ளரிக்காய்க்காக எங்கம்மாவை வீட்டை விட்டே அனுப்பறே!”

“நான் அனுப்பலைங்க...” என்று ஆரம்பித்தவள் மாமியாரைப் பார்த்தாள். அம்மா கண்ணாலேயே தடுக்க, வாயை மூடிக்கொண்டாள்.

“அவளைத் திட்டாதே. நாங்க அன்னைக்கே சமாதானமாயிட்டோம். போகணும்னு முடிவு பண்ணினது நான்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்கத் தோணலையாம்மா?”

“கேட்டா நீ என்ன சொல்லுவியோன்னு பயமா இருந்துச்சுடா.”

அவனுக்குக் குரல் உடைந்தது. “உனக்கு இங்கே என்ன குறை? சொல்லு. உனக்குன்னு தனியா ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கி வெச்சுடறேன். யாரும் கையை வைக்க விடமாட்டேன்.”

அம்மா சிரித்துவிட்டாள். “எனக்கு எதுக்குடா? போற இடத்துல ஃப்ரிட்ஜ் இருக்கு. உள்ளேதான் ஒரே அலங்கோலம்.”

போகிற இடமா? முதியோர் இல்லமா? தான் உயிரோடு இருக்கும்போது அம்மா யாரோ பொதுச் சமையலறையில், யாரோ வாங்கிய காய்கறியை அடுக்கிக்கொண்டு இருப்பாளா?

அம்மா வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். சமையல் மேடையில் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நின்ற கொத்தமல்லியைச் சிந்தாமல் கையில் எடுத்துக்கொண்டாள். மருமகளின் கன்னத்தைத் தட்டினாள்.

“இரு, நானும் வரேன்” என்று அவன் பெட்டியைத் தூக்கினான். “அந்த இடம் எப்படி இருக்குன்னு நானே பார்க்கணும். பிடிக்கலைன்னா கையோட கூட்டிட்டு வந்துடுவேன். அப்புறம் நீ ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“வாடா. நீ கூட வந்தாதான் எனக்கும் தைரியம்.”

மூவரும் லிஃப்டுக்குள் நுழைந்தார்கள். அவன் பெட்டியை இறக்கி வைத்து, சட்டைத் தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரைத்தளத்துப் பொத்தானை அழுத்தக் கையை நீட்டினான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முகம் சிவந்து, பேச்சு வராமல் மருமகளைப் பார்த்தாள்.

மனைவி அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்:

“கீழே இல்லீங்க, மேலே... மாப்பிள்ளை வீடு அஞ்சாவது மாடி!”