இருபத்து மூன்றாவது குழாய்

சாரின் சாம்பல் நிற ஸ்வெட்டர் மட்டும் இல்லையென்றால், அந்தக் குளிர் அறையில் அவள் என்றைக்கோ விறைத்துப் போயிருப்பாள். வெள்ளைக் கோட்டுக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு, விரல் நுனி வரை தொங்கிய கைகளை மடித்து விட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை அவர் அதை வீட்டுக்கு எடுத்துப் போவார். திங்கட்கிழமை காலை திரும்பக் கொண்டுவந்து மாட்டுவார். துவைத்த வாசனை மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை. வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய் அதையெல்லாம் கேட்க முடியுமா?

திரையில் கடைசியான இருபத்து மூன்றாவது சோதனைக் குழாயின் விடை வந்தது. வீட்டுப்பூனை.

"இதுவுமா?" சார் பின்னால் வந்து நின்றார்.

"இதுவும்தான் சார்."

இரண்டு வருடமாக அந்த மலைக்காட்டில் பூனைக் கழிவைத் தேடித் தேடிப் பொறுக்கியிருக்கிறாள். அதில் ஒட்டியிருக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்துப் பெருக்கினால், போட்டது எந்தப் பூனை என்று தெரிந்துவிடும். ஒன்றிலாவது காட்டுப்பூனை வந்தால் மலை பிழைக்கும். வராவிட்டால் திங்கட்கிழமை கல்குவாரிக்கு அனுமதி. அனுமதி தரும் கமிட்டிக்கு அறிக்கை ஆறு மணிக்குள் போயாக வேண்டும். இப்போது ஐந்தே முக்கால்.

"சார், கடைசி மாதிரி நான் கண்ணால பாத்து எடுத்தது. உடம்பெல்லாம் புள்ளி, கட்டை வால். அது போட்டுட்டுப் புதருக்குள்ள போச்சு. சூடு ஆறுறதுக்குள்ள எடுத்துட்டேன். அது எப்படி சார் வீட்டுப்பூனை ஆகும்?"

"நான் நம்பறேம்மா. கமிட்டி நம்பணுமே. போட்டோ எடுத்தியா?"

"கேமராவை எடுக்கறதா, பாட்டிலை எடுக்கறதான்னு..."

"பாட்டிலை எடுத்தே. நல்ல ஜெனடிக்ஸ்காரி." அவர் சிரிக்கப் பார்த்தார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வெளியிலேருந்து ஏதாவது கலந்திருக்குமோ சார்? வெறும் தண்ணியை வச்சு ஒரு குழாய் ஓட்டியிருக்கணும். அதுலயும் பூனை வந்தா தப்பு நம்மகிட்டத்தான்னு தெரிஞ்சிருக்கும்."

"மருந்து விக்கற விலையில தண்ணிக்கு வேற ஊத்தணுமான்னு நான்தானே நிறுத்தினேன். இப்ப ஓட்டலாம்னா ஒரு சொட்டு மிச்சமில்லை." அவர் அறையைச் சுற்றிக் கையைக் காட்டினார். "எட்டாவது மாடி, பூட்டின ரூம். பூனை என்ன லிஃப்டுல ஏறியா வரும்?"

ஒரே ஒரு முடி விழுந்தாலும் இயந்திரம் அதையும் கோடி மடங்கு பெருக்கிவிடும் என்று முதல் வாரமே படித்தவள். இரண்டு ஜோடி கையுறை, முகமூடி, தலைக்குத் தொப்பி. அவள் தங்கியிருந்த விடுதி அறையில் ஒரு பல்லிகூடக் கிடையாது.

'மாதிரிகள் எதிலும் காட்டுப்பூனை இல்லை' என்று தட்டச்சு செய்தாள். புதருக்குள் போகுமுன் ஒரு கணம் திரும்பிப் பார்த்ததே, அந்த முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

"அனுப்பும்மா. ஆறு ஆகப் போகுது. நம்மால ஆனதைப் பாத்தாச்சு."

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். திறந்தபோது திரையில் 'அனுப்பப்பட்டது' என்று இருந்தது.

சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு வரை போனார். ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பிக் கையை நீட்டினார்.

"ஸ்வெட்டரைக் கழட்டிக் குடும்மா. சனி ஞாயிறு இது மேல படுத்துப் புரளலேன்னா, எங்க வீட்டுப் பூனை என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடும்."