வலப் பக்கம் ஆறு கிலோ

மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளுக்கு மூட்டை கட்டுகிறார் என்றால் வீட்டில் ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். கொக்கி வைத்த கைத்தராசில் ஒவ்வொரு சாமானையும் தொங்கவிட்டு எடை பார்ப்பார். வண்டியின் இடப் பக்கப் பையும் வலப் பக்கப் பையும் ஒரே எடை இருந்தாக வேண்டும். பல் துலக்கும் பிரஷ் இந்தப் பக்கம் போனால் சீப்பு அந்தப் பக்கம் போகும். கட்டிய மனைவியே அவருக்கு வைத்திருந்த பெயர் தராசு.

மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், இதற்கு நேர் எதிர். கூடாரம், சட்டை, செருப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் வலப் பக்கப் பையில் திணித்து, முழங்காலால் அமுக்கி ஜிப்பை இழுப்பார். இடப் பக்கப் பையில் ஒரு பனியனும் ஒரு துண்டும் ஊஞ்சலாடும்.

ஆனால் இந்தப் பயணத்துக்கு யோசனை சொன்னவரே மச்சான்தான். ஆறு நாள், இரண்டு வண்டி, எல்லை தாண்டி மலை வரைக்கும். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து எங்க மாப்ள போயிருக்கோம்?" என்று அவர் உருகியதில் தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

உண்மையில் அவருக்கு மலையும் வேண்டாம், மாப்பிள்ளையும் வேண்டாம். அவர் வேலை பார்த்த கைக்கடிகாரக் கடையில் போன மாதம் பூட்டு உடையாமலே திருட்டு நடந்திருந்தது. போலீஸ் அவரை மூன்று முறை கூப்பிட்டு விசாரித்துவிட்டு, ஆதாரம் கிடைக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே விட்டது. எல்லைச் சாவடியில் தன் உள்ளாடை வரை உதறிப் பார்ப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சாவடிக்கு அப்பால் சரக்கு வாங்குகிறவன் காத்திருந்தான். நாற்பது தங்கக் கடிகாரங்கள், பழைய போர்வைத் துணியில் சுற்றி டேப் ஒட்டிய மூட்டை, மூன்று கிலோ. மாட்டினால் ஏழு வருஷம் கம்பி எண்ண வேண்டியதுதான்.

யாருக்கும் சந்தேகம் வராத ஒரு முகம் தேவைப்பட்டது. அது குடும்பத்துக்குள்ளேயே இருந்தது.

கிளம்பும் நாள் காலையில் மாப்பிள்ளை குளிக்கப் போன நேரம் பார்த்து மச்சான் காரியத்தை முடித்தார். மாப்பிள்ளையின் வலப் பக்கப் பையிலிருந்து மூன்று கிலோ எடையுள்ள காற்றடிக்கும் பம்பை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அந்த இடத்தில் மூட்டையை வைத்து மூடினார். குளித்துவிட்டு வந்த மாப்பிள்ளை பையைக் கடைசியாக ஒருமுறை தராசில் தொங்கவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினார். மச்சானுக்குத் தன் மூளையின்மீதே ஒரு மரியாதை வந்தது.

வழியெல்லாம் மாப்பிள்ளையின் நச்சரிப்பு தாங்கவில்லை. "மச்சான், உங்க வண்டி வலது பக்கம் சாயுது. ஆறு கிலோ வித்தியாசம் இருக்கும். வளைவுல இழுத்துவிட்டுடும்" என்று பெட்ரோல் போடும்போது சொன்னார். டீக்கடையில் சொன்னார். ரயில்வே கேட்டில் நின்றபோது ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொன்னார். மச்சான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மதியம் சாலையோரச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்தினார்கள். சாவடி நெருங்க நெருங்க மச்சானுக்கு வயிறு சரியில்லை. கழிப்பறையில் அரை மணி நேரம் போனது. திரும்பி வந்தபோது மாப்பிள்ளை வண்டிகளுக்கு நடுவே குந்தியிருந்தார். அவருடைய வலப் பக்கப் பை திறந்து கிடந்தது.

மச்சான் ஓடி வந்தார். "என்ன மாப்ள தேடுறீங்க?"

"செயினுக்கு எண்ணெய் போடலாம்னு எடுத்தேன் மச்சான். உங்க வண்டிக்கும் போட்டுட்டேன். அப்புறம் இன்னொரு விஷயம்..."

"எதுவா இருந்தாலும் மலைக்குப் போய்ப் பேசிக்கலாம். கிளம்புங்க."

மாப்பிள்ளை முகத்தில் கள்ளம் கபடம் எதுவும் இல்லை. பையை மூடிவிட்டு நல்ல பிள்ளையாக வண்டியில் ஏறினார். போன உயிர் மச்சானுக்குத் திரும்பி வந்தது. அதன் பிறகு மாப்பிள்ளை சாய்வைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஒருவழியாக அலுத்துவிட்டது போலிருக்கிறது என்று மச்சான் நினைத்துக்கொண்டார்.

சாவடியில் மாப்பிள்ளை, யாரும் கேட்காமலே, நான்கு பக்கச் சாமான் பட்டியலை நீட்டினார். அதிகாரி 'சாக்ஸ் இரண்டு ஜோடி, நூற்றுப் பத்து கிராம்' என்பது வரைக்கும் படித்தார். கொட்டாவி விட்டபடி காகிதத்தைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொன்னார். தடுப்புக் கட்டை உயர்ந்தது. மாப்பிள்ளையின் வண்டி எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் நின்றது. மச்சானுக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

மச்சானின் அடையாள அட்டையைப் பார்த்ததும் அதிகாரியின் தூக்கம் கலைந்தது. "வாங்க, வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தோம்."

"தாராளமா தேடுங்க சார். ஒரு இண்டு இடுக்கு விடாதீங்க. ஆனா தேடி முடிச்சதும், இந்த ஆள் கிட்ட ஒண்ணும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடணும்" என்றார் மச்சான். கைகளைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தும் கொண்டார்.

அதிகாரி இடப் பக்கப் பையில் கையை விட்டார். பனியன் வந்தது. துண்டு வந்தது. மூன்றாவதாக வந்ததை வெளியே தூக்க அவருக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. போர்வைத் துணியும் டேப்பும் தெரிந்ததும் மச்சானின் கைகள் தாமாகவே கீழே தொங்கின.

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து மாப்பிள்ளை பெருமை பொங்கக் குரல் கொடுத்தார்: "உங்க தங்கச்சி தவறுதலா என் பம்பை எடுத்துட்டு உங்க மூட்டையை என் பையில வச்சுட்டா போல மச்சான், அதை உங்க இடது பக்கம் போட்டுட்டு உங்க வலது பக்கத்து மூணு கிலோ கூடாரத்தை நான் வாங்கிக்கிட்டேன், இப்ப பாருங்க, ரெண்டு வண்டியும் கிராம் பிசகாம நேரா நிக்குது."