குப்பன் வீட்டுப் பாடு

"அப்போ, என் ஊட்டுக்காரன் செத்ததோட என் பாடும் செத்துடுச்சின்றியா?"

"நான் சொல்லலடி. ஊரு சொல்லுது."

"ஊருக்குப் பெரியதனம் நீதானேக்கா?"

ராஜம்மா மடவை மீன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். எதிரே நின்ற இருசம்மாளின் கணவன் குப்பனைக் கடல் கொண்டுபோய் நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

பழவேற்காட்டு ஏரியில் மீன் கூடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாடு எந்த வீட்டுக்கு என்று வருடத்துக்கு ஒருமுறை கிளிஞ்சல் குலுக்கி முடிவு செய்வார்கள். வீட்டுக்கு ஒரு கிளிஞ்சல். விடிந்தால் குலுக்கல். குப்பன் வீட்டுக் கிளிஞ்சலைப் பானையில் போட முடியாது என்று அன்று காலை பஞ்சாயத்து சொல்லிவிட்டது.

தோளில் வலையோடு அந்தப் பக்கம் வந்த நீலமேகம் நின்றார். பஞ்சாயத்தில் மூத்தவர்.

"இன்னா இருசு, காலையில அழுதது போதாதா? ஆம்பள இல்லாத ஊட்டுக்குப் பாடு இல்ல. நாங்களா வச்ச சட்டம்? ஒல்லாந்தன் கோட்டையில எழுதி வச்சிக்கிறான்."

"வலை கீது, தோணி கீது. பாதி மீனுக்கு வலை கட்ட ஆளு கீது. என் ஊட்டுல இன்னா இல்ல?"

"மீசை இல்ல."

"உனக்குந்தான் பல்லு இல்ல. மீனு துன்னாமலா கீற?"

நீலமேகம் ராஜம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்.

ராஜம்மாவின் அப்பா கோட்டைச் சமையல்கட்டுக்கு மீன் கொடுத்தவர். கூடை சுமந்து கூடப் போன சிறுமிக்கு ஒல்லாந்தரின் டச்சுப் பேச்சு காதோடு ஒட்டிக்கொண்டது. வளர்ந்ததும் ஊராருக்காகத் துரையின் முன் நின்று வழக்குப் பேசினாள். பறித்துப் போன தோணிகளை மீட்டாள். வலை வரியைக் குறைக்க வைத்தாள். தோற்று வந்த நாள் கிடையாது. ஐந்து வருடம் முன்பு ஊர்த் தலைமைக்கான பெரியதனக் கோலை ஊரே அவள் கையில் கொடுத்தது. அந்தக் கோலை அதற்குமுன் ஒரு பெண் தொட்டதில்லை. வழக்குப் பேசப் போனவள் ஊரை ஆள வந்தாள்.

வாழ்க்கைப்பட்டு வந்து எட்டு வருடமே ஆன இருசம்மாளுக்கு இதெல்லாம் பிறர் சொல்லக் கேட்ட கதை.

"கோட்டைக்கு வாக்கா. துரைகிட்டப் பேசு."

"வேற இன்னா வேணா கேளு. கோட்டைக்கு மட்டும் வேணாம்."

"கோலு வந்துச்சு, குரலு போச்சுன்னு ஊருல பேசிக்கிறாங்க. நான் நம்பாம இருந்தேன்."

"என் பாட்டுலேர்ந்து தெனம் ஒரு கூடை மீனு தரேன். வாங்கிக்க."

"பிச்சை கேக்க வரலக்கா." இருசம்மாள் முகத்துவாரத்தின் பக்கம் கை நீட்டினாள். "அங்க கப்பல் நிக்குது பாத்தியா? மூட்டை அரிசிக்கு அடிமையா ஆளு எடுக்கறானாம். பாடு இல்லன்னா என் ரெண்டு பொண்ணுங்களயும் அதுலதான் ஏத்தணும்."

ராஜம்மா நீண்ட நேரம் கப்பலைப் பார்த்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டுக் கோலை எடுத்தாள்.

"நட."

கோட்டை மண்டபத்தில் துரை உட்கார்ந்திருந்தார். வந்து மூன்று மாதமே ஆன புதுத் துரை. ராஜம்மா அவர் மொழியில் பேசப் பேச, இருசம்மாளுக்குப் புரிந்தது அவள் மடக்கிக் காட்டிய மூன்று விரல்கள் மட்டும்தான். பக்கத்தில் நின்ற கோட்டைக் கணக்கர் சீனிவாசன் மெல்லச் சொன்னார்.

"அவங்கப்பா காலத்துல தாலியறுத்த மூணு பேருக்குப் பாடு குடுத்தாங்களாம். பேரோட சொல்றாங்க."

"துரை இன்னா சொல்றாரு சாமி?"

"வழக்கம் அதுதான்னா எழுதிக் குடுத்துடலாம்னு சொல்றார்."

இருசம்மாள் கும்பிட்டாள். ஆனால் துரை இன்னும் ஏதோ சொன்னார். சீனிவாசன் உள்ளே போய்ப் பழைய வழக்குப் புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்து, தேடிப் பிடித்து, துரைக்குப் படித்துக் காட்டினார். துரையின் முகம் மாறியது.

"இன்னா சாமி அது?"

"பதினஞ்சு வருஷத்துக்கு முந்தின வழக்கு. உங்க ஊர்ல வாழ்க்கைப்பட்டுத் தாலியறுத்த தங்களோட தங்கச்சிக்குப் பாடு உண்டுன்னு சொல்லி அக்கரை ஊர்க்காரங்க வலையோட ஏரியில இறங்கியிருக்காங்க. ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு எந்தக் காலத்துலயும் கிடையாதுன்னு உங்க ஊர் சார்புல சத்தியம் பண்ணியிருக்கு. அதை நம்பித்தான் அக்கரைக்காரங்களைத் துரத்தியிருக்காங்க."

"அந்தச் சத்தியம் பொய்யி சாமி. மூணு பேருக்குக் குடுத்தாங்கன்னு அக்கா இப்பத்தான சொல்லிச்சி?"

"பொய்னு ஆயிட்டா அந்தத் தீர்ப்பும் செல்லாது. அக்கரைக்காரங்க நாளைக்கே இறங்கலாம். ஏரியில பாதி உங்க ஊருக்கு இருக்காது."

"எங்க வயித்துல அடிக்க அப்படி ஒரு பொய்யச் சொன்ன பாவி யாரு?"

சீனிவாசன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே ராஜம்மாவின் பக்கம் கையைக் காட்டினார்.

அன்று சொன்னது மெய்யா, இன்று சொன்னது மெய்யா என்று ராஜம்மாவைக் கேட்டுவிட்டு, துரை இறகை மையில் தோய்த்துக் காத்திருந்தார். ராஜம்மா கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யக்கா," என்றாள் இருசம்மாள், "அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா."